டியூஷனில் ஒரு குழந்தை ஓயாத சேட்டை, இன்னொன்று வாயே திறக்காது... குழந்தைகளின் சுபாவத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

பள்ளி மணி அடித்ததும் குழந்தைகளின் நாள் முடிந்துவிடுவதில்லை. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், மாலை 4 மணியிலிருந்து 7 மணி வரை பிள்ளைகள் இருப்பது டியூஷன் மிஸ் வீட்டு ஹாலிலோ, அபார்ட்மென்ட்டில் நடக்கும் டே கேரிலோ, பக்கத்துத் தெரு மாலை நேர மையத்திலோதான். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தெருவிலேயே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கும் இதுதான் வேலை நேரம். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது.

வாய்ப்பாடும் வாக்கியமும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த இவர்களில் பலருக்கு, விதவிதமான சுபாவம் கொண்ட 15, 20 பிள்ளைகளை ஒரே அறையில் எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விளைவு? வந்த இரண்டாவது வாரத்திலேயே ஒரு பையனுக்கு 'வாலு' என்று பெயர் விழுந்துவிடும். ஒரு பெண் குழந்தை 'ஊமைக்கொட்டான்' ஆகிவிடும். இன்னொன்று 'அழுமூஞ்சி'. அந்தப் பெயரோடுதான் அந்தக் குழந்தை தினமும் உள்ளே வரும்.

உண்மையில் அந்தக் குழந்தைகளிடம் என்ன நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சுபாவம் என்றால் என்ன?

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று, கைக்குழந்தையாக இருந்தபோதே யார் தூக்கினாலும் சிரித்திருக்கும். இன்னொன்று சொந்த அத்தை தூக்கினாலே வீறிட்டு அழுதிருக்கும். இரண்டுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படிப் பிறவியிலேயே ஓரளவு அமைந்து, சிறு வயதிலேயே வெளியில் தெரியும் தன்மையைத்தான் உளவியலில் 'டெம்பரமென்ட்' என்கிறார்கள். நம்ம ஊர் வழக்கில் சுபாவம்.

இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. ஒழுக்கத்துக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஒரு குழந்தை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்பவை வேறு கேள்விகள். அதை எந்த விதத்தில் செய்கிறது என்பதுதான் சுபாவம். இரண்டு குழந்தைகளும் ஹோம்வொர்க் முடிக்கலாம். ஒன்று அசையாமல் உட்கார்ந்து முடிக்கும், இன்னொன்று நான்கு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து முடிக்கும்.

இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, சுபாவத்தில் காணப்படும் வேறுபாடுகளில் சுமார் 20 முதல் 60 சதவீதம் வரை மரபணுக்களால் வருகிறது. மீதிக்கு வீடு, சூழல், பழகும் மனிதர்கள் எல்லாம் காரணம்.

நியூயார்க்கில் தொடங்கிய கதை

'பிள்ளை இப்படி இருக்கான்னா அம்மா வளர்ப்பு சரியில்லை' என்பது நம்ம ஊரில் மட்டும் கேட்கும் வசனம் இல்லை. 1950-களில் அமெரிக்க மனநல மருத்துவத்திலேயே அந்தப் பேச்சுதான் ஓங்கியிருந்தது. குழந்தையின் எந்தப் பிரச்சினைக்கும் முதல் விரல் தாயை நோக்கித்தான் நீளும். அந்தக் கருத்தை ஏற்காத ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, 1956-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்த ஆய்வு அது.

குழந்தையின் துறுதுறுப்பு எவ்வளவு, பசியும் தூக்கமும் நேரத்துக்கு வருகிறதா, புதிய ஆளைக் கண்டால் முன்னே போகிறதா பின்வாங்குகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, சத்தம், வெளிச்சம் போன்றவை எந்த அளவில் உறைக்கின்றன, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு பலமாக வருகின்றன, பொதுவாக மலர்ந்த முகமா வாடிய முகமா, கவனம் எளிதில் சிதறுகிறதா, ஒரு வேலையை விடாமல் பிடித்துக்கொள்கிறதா. இந்த 9 அம்சங்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

அதிலிருந்து 3 வகைகள் தெரிந்தன. சுமார் 40 சதவீதக் குழந்தைகள் எளிதில் பழகும் வகை. சுமார் 10 சதவீதம் 'கடினமான' வகை: நேரம் தவறிய பசி, தூக்கம், புதியதைக் கண்டால் எதிர்ப்பு, பலத்த அழுகை. சுமார் 15 சதவீதம், மெல்லப் பழகும் வகை. கூட்டிப் பார்த்தால் 65 தான் வரும். மீதி 35 சதவீதக் குழந்தைகள் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை.

இந்த 35-ஐ மறந்துவிட்டுத்தான் இணையத்தில் பலரும் 'உங்க குழந்தை இந்த மூணில் எந்த டைப்?' என்று கேட்கிறார்கள். மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் 'எந்த டைப்பும் இல்லை' என்பதுதான் ஆய்வு சொன்ன பதில். அதனால் டியூஷன் நடத்துபவருக்கு வகைகளைவிட அந்த 9 அம்சங்கள்தான் பயன்படும்.

மாலை நேரம் ஏன் தனி?

'ஸ்கூல்ல இவனைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட்டும் வந்ததில்லையே மிஸ்...' என்று பெற்றோர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. காலை 9 மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து, வரிசையில் நின்று, கேட்டால் மட்டும் பேசி, வேன் நெரிசலில் வந்து சேரும் பிள்ளைக்கு மாலையில் தெம்பு குறைந்திருக்கும். மதியச் சாப்பாடு எப்போதோ செரித்திருக்கும். தன்னை அடக்கிக்கொள்வதும் ஒரு வேலைதான். அந்த வேலையைப் பகல் முழுக்கப் பார்த்த பிறகு, குழந்தையின் இயல்பான சுபாவம் மாலையில்தான் மூடி இல்லாமல் வெளியே வரும். துறுதுறுப்பான பையன் இன்னும் துறுதுறுப்பாவான். சட்டென்று அழும் பிள்ளை பென்சில் முனை உடைந்ததற்கே அழும்.

எனவே டியூஷனில் தெரிவது அந்தக் குழந்தையின் ஒரு நேரத்து முகம். வந்ததும் நோட்டைத் திறக்கச் சொல்லாமல், முதல் 15, 20 நிமிடம் கை கால் கழுவி, ஒரு பிடி சுண்டலோ பொரியோ தின்று, தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஓடியாட விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே குறையும். இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. சில குழந்தைகளுக்குக் கடிகாரம் வைத்தது போல் பசிக்கும். சிலருக்கு ஒருநாள் நாலரைக்கே பசிக்கும், மறுநாள் ஆறு மணிக்கும் பசிக்காது. இரண்டாவது வகைக் குழந்தையிடம் 'எல்லாரும் சாப்பிடறப்போ சாப்பிட வேண்டியதுதானே?' என்று கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. டப்பாவில் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும்.

வாசலிலேயே நிற்கும் குழந்தை

புதிதாகச் சேர்ந்த குழந்தை, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நிற்கிறது. 'உள்ள வாடா தங்கம்' என்றால் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே வந்தாலும் 3 நாட்களுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப் பார்த்ததும் பெரியவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்து 'உன் பேர் என்ன, சத்தமா சொல்லு' என்பது. இல்லையென்றால், 'அது அப்படித்தான்' என்று அடியோடு விட்டுவிடுவது.

மெல்லப் பழகும் குழந்தைக்கு இரண்டுமே உதவாது. முதலாவது, பின்வாங்குவதற்கு இன்னொரு காரணத்தைக் கொடுக்கிறது. இரண்டாவது, பழகுவதற்கான வாய்ப்பையே எடுத்துவிடுகிறது. வற்புறுத்தாமல், அதே சமயம் திரும்பத் திரும்ப வாய்ப்பு கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் செஸ்ஸும் தாமஸும் சொன்ன வழி.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? தினமும் அதே இடம். பக்கத்தில் அதே பிள்ளை, முடிந்தால் சத்தம் போடாத பிள்ளை. முதல் வாரம் வாய் திறந்து ஒப்பிக்கச் சொல்லாமல் எழுதிக் காட்டச் சொல்லலாம். 'இந்த சாக்பீஸ் டப்பாவை அக்காகிட்ட குடுத்துட்டு வா' என்பது போல, பேசத் தேவையில்லாத சின்ன வேலை கொடுக்கலாம். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மனதுக்குள் பத்து எண்ணலாம். பெரும்பாலான மிஸ்கள் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பதில் தெரிந்திருக்கும், வாய் வருவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கும் குழந்தையை 'கலந்துக்க மாட்டேங்குது' என்று எழுதிவிடக் கூடாது. பல குழந்தைகள் நாலைந்து நாள் பார்த்து, ஆட்டத்தின் விதிகளை மனதுக்குள் ஏற்றிக்கொண்டு, ஆறாவது நாள் தானாக எழுந்து வரும். பார்ப்பதும் அதற்குப் பழகுதலின் ஒரு பகுதிதான். ஆனால் விடுமுறை முடிந்து திரும்பி வந்தால் கொஞ்ச நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காலாண்டு லீவுக்குப் பிறகு 'இவ்வளவு நாள் நல்லா பேசிட்டுத்தானே இருந்த, இப்ப என்ன வந்துச்சு?' என்று கேட்கத் தோன்றும். புதிதாக ஒன்றும் வந்திருக்காது.

பத்துக்குப் பத்து அறையில் ஒரு துறுதுறு பையன்

துறுதுறுப்பான குழந்தை விஷயத்தில், பழைய ஆய்வு ஒன்று சொல்வது டியூஷன் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது. செஸ்ஸும் தாமஸும் முதலில் பார்த்த 133 குழந்தைகள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கம். பிறகு அதே நகரில் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 'அடக்க முடியாத ஓட்டம், ஆட்டம்' என்ற புகார் மிக அதிகமாக வந்தது. நடுத்தர வர்க்கக் குழந்தைகளிடம் அது அபூர்வம். காரணத்தைத் தேடிப் போனால், சின்னச் சின்ன வீடுகள், நிறைய ஆட்கள், வெளியே விளையாட அனுப்பப் பயப்பட வேண்டிய தெருக்கள். குழந்தையின் துறுதுறுப்புக்கு இடம் இல்லை. அதனால் அது நோய் மாதிரி தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தார்கள். தூக்க நேரம் ஒழுங்கில்லாத குழந்தையை அந்தக் குடும்பங்கள் ஒரு பிரச்சினையாகவே நினைக்கவில்லை. தூக்கம் வந்தபோது தூங்கட்டும் என்று விட்டிருந்தார்கள். பள்ளியில் சேர்ந்து காலையில் குறித்த நேரத்துக்கு எழ வேண்டும் என்றானபோதுதான் அது பிரச்சினை ஆனது. மாறியது குழந்தையிடம் எதிர்பார்க்கப்பட்டது மட்டும்தான்.

ஒரு பெட்ரூம் வீட்டின் ஹாலில் 18 பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அதில் அதிகம் அசையும் சுபாவம் உள்ள 2, 3 பேர் நிச்சயம் 'பிரச்சினை' ஆவார்கள். அவர்களை அதட்டி உட்கார வைப்பதற்குச் செலவாகும் நேரத்தில் வேறு சிலவற்றைச் செய்து பார்க்கலாம். சுவரோரம் நின்றுகொண்டு எழுத அனுமதிக்கலாம். பாய் விரிப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, நோட்டுகளை அடுக்குவது ஆகிய வேலைகளை அவர்களிடமே கொடுக்கலாம். 40 நிமிடம் தொடர்ந்து உட்கார வைப்பதற்குப் பதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழவிடலாம். வாய்ப்பாட்டை மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே சொல்லச் சொன்னால் பாதி நாட்களில் அது அங்கேயே மனப்பாடம் ஆகிவிடும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது. அசையாமல் இருக்க முடியாத குழந்தைக்கு, அசைவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் அசையாமல் இரு என்று சொல்வது அது. அந்த நாள் இரண்டு பேருக்குமே நரகம்தான்.

சத்தமாக அழுவது, சத்தமில்லாமல் வலிப்பது

சுபாவத்தின் 9 அம்சங்களில் பராமரிப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது, உணர்ச்சி வெளிப்படும் வேகம். சில குழந்தைகளுக்கு எல்லாமே உச்சத்தில்தான். சந்தோஷம் என்றால் அலறல், வருத்தம் என்றால் தரையில் புரளல். சிலருக்கு எல்லாமே தணிந்த குரலில்தான். முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு, அவ்வளவுதான்.

ஒரே ஊஞ்சல் பலகை இரண்டு பேர் முட்டியில் இடித்தால், முதல் குழந்தையைச் சுற்றி 5 பேர் கூடுவார்கள். இரண்டாவது குழந்தையின் முட்டியில் ரத்தம் வருவது வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் தெரியும். அழுகையின் அளவை வைத்து வலியின் அளவைக் கணக்கிட முடியாது.

இது வெறும் கவனக்குறைவு விஷயமும் இல்லை. காய்ச்சல் இருந்தும் சொல்லாமல் சுருண்டு உட்கார்ந்திருப்பது, பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தயங்கி அடக்கிக்கொண்டே இருப்பது, பக்கத்துப் பையன் தினமும் கிள்ளுவதைச் சொல்லாமல் இருப்பது எல்லாமே பெரும்பாலும் தணிந்த குரல் குழந்தைகளிடம்தான் நடக்கும். கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் தனியாகக் கேட்டால்தான். 'யாருக்காவது பாத்ரூம் வருதா?' என்று பொதுவாகக் கேட்பதற்குப் பதில், குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரையும் ஒருமுறை அனுப்பிவிடுவது நல்லது. ஒரு நாளில் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒருமுறையாவது பெயர் சொல்லிப் பேசியிருக்கிறோமா என்று வருகைப் பதிவை வைத்துச் சரிபார்த்தால், தினமும் விடுபடும் பெயர்கள் எவை என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

உச்சத்தில் வெடிக்கும் குழந்தையிடம் அந்த நிமிடமே நியாயம் பேசிப் பயனில்லை. 'ஏன் அழற, சொல்லு, சொல்லு' என்று கேட்கக் கேட்க அழுகை ஏறும். பக்கத்தில் உட்கார்ந்து, குறைந்த குரலில், குறைந்த வார்த்தையில் பேசி, அடங்கிய பிறகு கேட்டால் காரணம் தானாக வரும்.

குக்கர் விசில், டியூப் லைட், விடாப்பிடி

வீட்டில் நடக்கும் டியூஷனில் உள்ளே மிக்ஸி ஓடும், சீரியல் ஓடும், குக்கர் விசில் அடிக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது காதிலேயே விழாது. சிலருக்கு ஒவ்வொன்றும் தலைக்குள் அடிக்கும். யூனிஃபார்ம் காலர் உறுத்துவது, ஈரக் கால் பாயில் ஒட்டுவது கூடத் தாங்காது. அவர்களை டிவி இருக்கும் அறைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைப்பது ஐந்து பைசா செலவில்லாத தீர்வு. அம்மாவிடம் சொல்லி மாற்றுத் துணி ஒன்று கொடுத்தனுப்பச் சொல்லலாம்.

விடாப்பிடிக் குழந்தை இன்னொரு ரகம். தொடங்கிய கணக்கை முடிக்காமல் எழாது. 'போதும், அடுத்து இங்கிலீஷ் எடு' என்றால் தகராறு. இதே குணம்தான் பத்தாம் வகுப்பில் பாராட்டு வாங்கித் தரும். இரண்டாம் வகுப்பில் அடம் என்று பெயர். 'இன்னும் அஞ்சு நிமிஷத்துல இங்கிலீஷ்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் தகராறு வராது. மாற்றத்துக்கு மெதுவாகப் பழகும் எல்லாக் குழந்தைகளுக்குமே அந்த ஐந்து நிமிட முன்னறிவிப்பு உதவும்.

எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. ஆனால் 'அவ பாட்டுக்கு இருப்பா' என்று சொல்லப்படும் அந்தக் குழந்தைக்குத்தான் மூன்று மாதமாக 'ர'வும் 'ற'வும் குழம்பிக்கொண்டிருப்பது கடைசியாகத் தெரியவரும். எளிதான சுபாவம், கவனிப்பு தேவையில்லை என்பதற்கான சான்றிதழ் இல்லை.

பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊரில்

செஸ்ஸும் தாமஸும் கடைசியில் வந்து சேர்ந்த முடிவுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: பொருத்தம். நல்ல சுபாவம், கெட்ட சுபாவம் என்று இல்லை. குழந்தையின் சுபாவமும், சூழல் அதனிடம் கேட்பதும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. பொருந்தாத இடத்தில்தான் பிரச்சினைகள் வளர்கின்றன என்று அவர்களின் நீண்ட ஆய்வு காட்டியது. நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பொருத்தத்தில் ஒரு பக்கத்தை மாற்ற முடியும்.

எது நல்ல சுபாவம் என்பதே காலத்துக்கு ஏற்ப மாறும் என்பதற்கு சீனாவின் ஷாங்காய் ஓர் உதாரணம். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஷின்யின் சென் குழுவினர் அங்குள்ள பள்ளிக் குழந்தைகளை 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆராய்ந்தார்கள். 1990-ல் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் சக மாணவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள், படிப்பிலும் நன்றாக இருந்தார்கள். 2002-ல் அதே சுபாவம் உள்ள பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வுக்கும் ஆளானார்கள். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் சந்தைப் பொருளாதாரம் வளர்ந்து, முந்திக்கொண்டு பேசுபவர்களுக்கு மதிப்பு கூடியிருந்தது. 'அடக்கமான பிள்ளை' என்று இங்கே ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பாராட்டு, இன்று 'ஸ்மார்ட்டா பேசத் தெரியல' என்று மாறியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பொருத்தத்தின் இன்னொரு பக்கம் டியூஷன் மிஸ்ஸின் சொந்த சுபாவம். அமைதியை விரும்பும் மிஸ்ஸுக்குத் துறுதுறு பிள்ளைதான் 'தலைவலி'. கலகலப்பான அக்காவுக்கு வாய் திறக்காத பிள்ளை 'அழுத்தக்காரி'. இருவர் நடத்தும் மையமாக இருந்தால், எந்தப் பிள்ளை யாரிடம் எளிதாக இருக்கிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். தனியாக நடத்துபவர், தன்னை அதிகம் எரிச்சலூட்டும் இரண்டு பிள்ளைகள் யார் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தால், அதில் குழந்தையின் பங்கு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்பது பிடிபடும்.

சுபாவம் மாறுமா?

ஓரளவு மாறும், தலைகீழாக அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன், 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகள், குரல்கள், வாசனைகளைக் காட்டி அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். சுமார் 5-ல் ஒரு குழந்தை கை கால்களை உதறி அழுதது. சுமார் 40 சதவீதக் குழந்தைகள் நிதானமாகப் படுத்திருந்தன. முதல் வகையினரில் பலர் பின்னாளில் கூச்சமும் பயமும் உள்ள சிறுவர்களானார்கள். ஆனால் எல்லோரும் அப்படி ஆகவில்லை. கணிசமான பேர் வளர வளர நடுவாந்தரத்துக்கு வந்தார்கள். ஆளே மாறி அஞ்சாநெஞ்சர் ஆனவர்கள்தான் அரிது.

டியூஷனுக்கு இதை மொழிபெயர்த்தால்: மெல்லப் பழகும் குழந்தையை ஆண்டு விழாத் தொகுப்பாளர் ஆக்குவது இலக்காக இருக்க வேண்டாம். 'எனக்குப் புரியல மிஸ்' என்று அது எழுந்து சொன்னாலே பெரிய விஷயம்.

7 மணிக்கு வாசலில் என்ன சொல்வது?

அலுவலகத்திலிருந்து நேராக வந்து வண்டியை நிறுத்தும் அம்மாவிடம், மற்ற பெற்றோர்கள் கேட்க, 'இன்னைக்கு உங்க பையன் தாங்க முடியலக்கா' என்று ஒரு வாக்கியம் சொன்னால் என்ன ஆகும்? அம்மாவுக்கு அவமானம். வண்டியில் ஏறும் முன்பே தலையில் ஒரு குட்டு. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இன்னொரு முறை. டியூஷனில் நடந்த 5 நிமிட விஷயத்துக்கு இரவு 10 மணி வரை தண்டனை. மறுநாள் அந்தப் பையன் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் வருவான்.

அதே செய்தியை வேறு மாதிரி சொல்லலாம். 'அஞ்சரைக்கு மேல உட்கார ரொம்ப கஷ்டப்படறான்க்கா. நடுவுல ஒரு தடவை ஓடிட்டு வரச் சொன்னா கணக்கை முடிச்சிடறான். வீட்ல எப்படி?' இதில் குற்றச்சாட்டு இல்லை. என்ன நடந்தது, எது உதவியது, ஒரு கேள்வி, மூன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பல நேரம் முக்கியம். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் தூங்கறான் மிஸ்' என்று அம்மா சொன்னால், இவ்வளவு நாள் சுபாவம் என்று நினைத்தது தூக்கக் குறைவாக இருக்கலாம்.

குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அதைப் பற்றி மூன்றாம் மனிதர் போல் பேசுவதையும், 'உங்க பெரிய பொண்ணு எவ்வளவு சமத்து' என்று அக்காவோடு ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகளின் சுபாவம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

சுபாவம் என்று விட்டுவிடக் கூடாதவை

சுபாவத்தின் அடையாளம் அதன் தொடர்ச்சி. சின்ன வயதிலிருந்தே இப்படி, வீட்டிலும் இப்படி, அத்தை வீட்டிலும் இப்படி என்றால் அது சுபாவமாக இருக்கலாம். நேற்று வரை கலகலவென்று இருந்த குழந்தை திடீரென்று ஒடுங்கிப்போனால், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு மட்டும் நடுங்கினால், டியூஷன் முடிந்தும் வீட்டுக்குப் போகப் பயந்தால், நிறுத்தியிருந்த படுக்கை ஈரம் திரும்ப வந்தால், உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயங்கள் இருந்தால், அதை 'கூச்ச சுபாவம்' கணக்கில் எழுதக் கூடாது. குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யாமல், சொல்வதைக் கேட்டுக்கொண்டு, 1098 என்ற கட்டணமில்லா குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் எண் இது.

துறுதுறுப்பு விஷயத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டை உறுதி செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். டியூஷனில் மட்டும் ஆட்டம் போடும் பிள்ளைக்கு இது பொருந்தாது. எப்படியிருந்தாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். 'உங்க பையனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு நினைக்கிறேன்' என்று வாசலில் சொல்வது மிஸ்ஸின் வேலை இல்லை. கவனித்ததைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். பள்ளி, டியூஷன் இரண்டிலிருந்தும் வரும் குறிப்புகள் மருத்துவருக்கு உதவும்.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிகளில் உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. 'நம்மது பள்ளி இல்லையே, டியூஷன்தானே' என்று நினைப்பவர்கள், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற உடல், மனத் துன்பம் தருபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. 'நல்லா ரெண்டு போடுங்க மிஸ், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்' என்று பெற்றோரே சொல்லியிருந்தாலும், அந்த வாய்மொழி அனுமதியை நம்பி ஸ்கேலை எடுக்க முடியாது.